மனிதருக்கு ஃபெரோமோன் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். ஹார்மோன்கள் பாடம் முடிந்து வகுப்பு கலைந்த பிறகு யாராவது ஒரு மாணவர் மேசையருகே தயங்கி நின்று கேட்பது பெரும்பாலும் ஃபெரோமோன் பற்றித்தான். பெற்றோரும் கேட்கிறார்கள், சக ஆசிரியர்களும் கேட்கிறார்கள். இதைப் பற்றி உலவும் செய்திகளில் பாதி தவறு என்பதால், பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த பதில்களை ஓர் இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள். உண்டா, இல்லையா?

எந்த ஒரு வேதிப்பொருளும் மனித ஃபெரோமோன் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. இதை "மனிதருக்கு ஃபெரோமோன் கிடையாது என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று படித்துவிட வேண்டாம். நாமும் பாலூட்டிகள்தாம். பன்றிக்கும் முயலுக்கும் யானைக்கும் இருப்பது நமக்கும் இருக்கக்கூடும். முறையாகத் தேடியவர்கள் மிகக் குறைவு என்பதுதான் என் வருத்தம். அந்த வருத்தத்துக்குக் காரணம் கீழே வருகிறது.

முதலில், எதை ஃபெரோமோன் என்கிறோம்?

சமையலறைச் சுவரில் ஊரும் எறும்புச் சாரையின் குறுக்கே ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துடைத்த இடம்வரை வந்த எறும்புகள் தடுமாறி நின்று, அங்குமிங்கும் தேடும். முன்னே போன எறும்புகள் வழியில் இட்டுச் சென்ற வேதிப்பொருள் அழிந்துவிட்டது. ஓர் உயிர் வெளியிட, அதே இனத்தைச் சேர்ந்த இன்னோர் உயிர் அதை உணர்ந்து, குறிப்பிட்ட ஒரு வகையில் நடந்துகொள்கிறது என்றால் அந்தப் பொருள் ஃபெரோமோன். சில ஃபெரோமோன்கள் நடத்தையை மாற்றுவதில்லை, உடலுக்குள் ஹார்மோன் சுரப்பை மாற்றுகின்றன.

இந்தச் சொல்லை 1959இல் உருவாக்கியவர்கள் பீட்டர் கார்ல்சன், மார்ட்டின் லூஷர் என்ற இருவர். சுமத்தல், தூண்டுதல் என்ற பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் புட்டனாண்ட் உலகின் முதல் ஃபெரோமோனை அடையாளம் கண்டார். பெண் பட்டுப்பூச்சி ஆணை அழைக்க வெளியிடும் 'பாம்பிகால்' என்ற பொருள் அது. பாலின ஹார்மோன் ஆய்வுக்காக 1939லேயே நோபல் பரிசு பெற்றவர் அவர். அப்படிப்பட்டவருக்கே இந்த ஒரு பொருளைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகளும் சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளும் தேவைப்பட்டன. இந்த உழைப்பின் அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மனித ஃபெரோமோன் கதையில் இல்லாமல் போனது இதுதான்.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஃபெரோமோன் புதிதன்று. சிவப்புக் கூன்வண்டையும் காண்டாமிருக வண்டையும் பிடிக்க மரங்களுக்கிடையே வாளி வைத்து அதற்குள் சிறு குப்பியோ பொட்டலமோ தொங்கவிடுகிறார்களே, அதில் இருப்பது செயற்கையாகத் தயாரித்த ஃபெரோமோன். தமிழில் அதற்கு 'இனக்கவர்ச்சிப் பொறி' என்று பெயர் நிலைத்துவிட்டது. பெயர் நன்றாக இருந்தாலும், ஃபெரோமோன் என்றாலே ஆண் பெண் கவர்ச்சி என்ற எண்ணத்தை அது வலுப்படுத்திவிடுகிறது. கூன்வண்டின் ஃபெரோமோன் ஆண் வண்டு வெளியிடுவது. ஆண், பெண் இரண்டுமே அதை நாடி வந்து கூடுகின்றன. எறும்புக்கு அது வழிகாட்டி, தேனீக்கு அபாயச் சங்கு. பாலினக் கவர்ச்சி அதன் பல வேலைகளில் ஒன்று மட்டுமே.

என் குழந்தையின் சட்டையை முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவேன். அது ஃபெரோமோன் இல்லையா?

இல்லை. இந்த வேறுபாடு புரிந்தால் மற்றவை எல்லாம் எளிதாகிவிடும்.

ஃபெரோமோன் என்பது ஓர் இனம் முழுவதற்கும் பொதுவான செய்தி. எந்தப் பெண் பட்டுப்பூச்சி வெளியிட்டாலும் அது பாம்பிகால்தான், எந்த ஆண் பூச்சி உணர்ந்தாலும் சிறகடித்துக்கொண்டு தேடி வரும். யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் குழந்தையின் மணமோ அந்தக் குழந்தைக்கு மட்டுமே உரியது. பல பொருள்கள் கலந்த அந்த மணத்தைப் பழகிப் பழகி நீங்கள் கற்றுக்கொண்டீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக விலங்கியலாளர் டிரிஸ்ட்ரம் வயட் இதைத் தனிநபர் கையொப்பம் போன்ற கலவை என்கிறார். கையொப்பம் ஒன்று, எல்லோருக்கும் பொதுவான எழுத்து இன்னொன்று. மனிதர்களிடம் கையொப்பம் இருப்பதற்குச் சான்று நிறைய உண்டு. பொது எழுத்து உண்டா என்பதே கேள்வி.

பூச்சிகள் சரி. பாலூட்டிகளிடம் உறுதியாகத் தெரிந்தவை எவை?

ஆண் பன்றியின் உமிழ்நீர் நுரையில் ஆண்ட்ரோஸ்டினோன் என்ற ஸ்டீராய்டு இருக்கிறது. சினைப்பருவத்தில் உள்ள பெண் பன்றி அதை முகர்ந்ததும் அசையாமல் இணைசேரும் நிலையில் நின்றுவிடும். செயற்கைக் கருவூட்டலுக்குச் சரியான நேரம் பார்க்க, பன்றிப் பண்ணைகளில் இதை ஸ்ப்ரேயாகவே பயன்படுத்துகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது முயல். தாய் முயல் நாளுக்கு ஒருமுறை, அதுவும் சில நிமிடங்கள் மட்டுமே பால் கொடுக்கும். குட்டிகளுக்குக் கண் திறந்திருக்காது. அந்தச் சில நிமிடங்களுக்குள் காம்பைக் கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த நாள்வரை பட்டினி. பிரான்சின் டிஜோன் நகரில் பெனுவா ஷால் குழுவினர் முயல் பாலில் உள்ள ஆவியாகும் பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஒரே ஒரு மூலக்கூறு தனித்து நின்றது. அதில் தோய்த்த கண்ணாடிக் குச்சியை நீட்டினாலே குட்டிகள் தலையை ஆட்டித் தேடி வாயால் கவ்வின. பால் குடித்துப் பழகாத குட்டிகளும் அப்படியே செய்தன. 2003இல் வெளியான இந்த ஆய்வைத்தான் பாலூட்டி ஃபெரோமோன் ஆய்வுக்கு முன்மாதிரி என்பேன்.

ஆசிய யானை இன்னும் வியப்பானது. இனப்பெருக்கத்துக்குத் தயாராகும் பெண் யானையின் சிறுநீரில் உள்ள பொருளை பெட்ஸ் ராஸ்முசென் குழுவினர் 1996இல் கண்டறிந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் தங்கள் துணையை அழைக்கப் பயன்படுத்தும் அதே மூலக்கூறு அது! ஆண் யானை துதிக்கை நுனியால் அதைத் தொட்டு, வாயின் மேலண்ணத்தில் வைத்துப் பார்க்கும். அங்கிருந்து ஒரு சிறு குழாய், அடுத்த கேள்வியில் வரும் உறுப்புக்குப் போகிறது. மத யானையின் கன்னச் சுரப்பி நீரிலும் 'ஃப்ரான்டாலின்' என்ற பொருள் இருக்கிறது. அது மரப்பட்டை வண்டுகளின் ஃபெரோமோன். சங்கப் பாடல்களில் மதநீரை மொய்க்கும் வண்டுகள் அடிக்கடி வருவதைப் படித்தவர்களுக்கு இந்தச் செய்தி தனியாக இனிக்கும். ஆனால் அந்தப் பாடல்களில் வரும் வண்டு வேறு, ஆய்வில் வரும் வண்டு வேறு. இரண்டையும் முடிச்சுப் போட்டு, "நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்" என்று பகிராதீர்கள்.

ஃபெரோமோனை உணர்வதற்கென்றே மூக்கில் தனி உறுப்பு இருக்கிறதாமே?

பல விலங்குகளுக்கு இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் லுட்விக் ஜேக்கப்சன் 1813இல் பாலூட்டிகளில் விவரித்ததால் அதற்கு ஜேக்கப்சன் உறுப்பு என்று பெயர். பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொள்வது இந்த உறுப்புக்குச் செய்தி கொண்டுபோகத்தான்.

மனிதக் கருவில் இது உருவாகிறது. வளர்ந்தவர்களில் பலருக்கு மூக்கின் நடுச்சுவரில் சிறு குழி அளவுக்கு எஞ்சியும் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு இல்லை. செய்தியை வாங்கிக்கொள்ள வேண்டிய மூளைப் பகுதியும் வளர்ந்த மனிதரிடம் காணப்படவில்லை. அந்த உறுப்பின் செல்கள் வேலை செய்ய அவசியமான டிஆர்பிசி2 என்ற மரபணு நம்மிடம் சிதைந்து கிடக்கிறது. மனிதக் குரங்குகளிடமும் ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகளிடமும் அதே நிலைதான். ஆகவே இந்த இழப்பு இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே நேர்ந்திருக்க வேண்டும். கம்பி அறுந்து, பல்பும் உடைந்துபோன விளக்கு அது.

அப்படியானால் விவாதம் அங்கேயே முடிந்துவிட்டதே?

முடியவில்லை. மேலே சொன்ன பன்றியும் முயல் குட்டியும் தங்கள் ஃபெரோமோனை உணர்வது சாதாரண மூக்கு வழியாகத்தான், ஜேக்கப்சன் உறுப்பு வழியாக அன்று. நம் சாதாரண மூக்கில் வேலை செய்யும் மண ஏற்பிகள் சுமார் 400 வகை. இவ்வகை ஏற்பி மரபணுக்களை எலியில் முதலில் கண்டறிந்து 1991இல் வெளியிட்டதற்காக லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த 400 வகைகளில் ஒன்று ஏதேனும் மனித ஃபெரோமோனுக்கானதாக இருக்கலாம். உறுப்பு இல்லை என்பதால் மட்டும் கதவை மூடிவிட முடியாது.

விடுதியில் ஒன்றாகத் தங்கினால் மாதவிடாய் நாள்கள் ஒத்துப்போகும் என்கிறார்கள். எங்களுக்கும் அப்படி நடந்தது.

மாணவிகள் மிகவும் உறுதியோடு சொல்வது இதைத்தான். அனுபவம் பொய் என்று நான் ஒருபோதும் சொல்வதில்லை. அதற்கான விளக்கத்தைத்தான் பரிசீலிக்க வேண்டும்.

அமெரிக்காவின் வெல்லஸ்லி கல்லூரி விடுதியில் தங்கியிருந்த 135 பெண்களின் மாதவிடாய்த் தேதிகளைத் திரட்டி, மார்த்தா மெக்ளின்டாக் 1971இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நெருங்கிப் பழகும் தோழியரின் தேதிகள் மாதங்கள் செல்லச் செல்ல நெருங்குவதாக அது கூறியது. பெண் எலிகளின் சுழற்சியை மணம் மாற்றும் என்பது அப்போது தெரிந்திருந்ததால், மனிதரிலும் ஃபெரோமோன்தான் காரணம் என்ற எண்ணம் வேகமாகப் பரவியது. 1998இல் அவரும் கேத்லீன் ஸ்டெர்னும் இன்னொரு ஆய்வு செய்தார்கள். 9 பெண்களின் அக்குளில் வைத்து எடுத்த பஞ்சை 20 பெண்களின் மேலுதட்டின் மேல் தடவினார்கள். அவர்களது சுழற்சி நீண்டது அல்லது குறுகியது என்றார்கள். அந்தப் பஞ்சில் இருந்த மூலக்கூறு எது என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். இரண்டு பெண்களுக்கும் 28 நாள் சுழற்சி என்று கொள்வோம். அவர்கள் தேதிகளுக்கிடையே இருக்கக்கூடிய மிக அதிக இடைவெளி 14 நாள். அதைத் தாண்டினால் அடுத்த சுழற்சிக்கு நெருக்கமாகிவிடும். எந்தத் தொடர்பும் இல்லாத இருவரை எடுத்தாலும் சராசரி இடைவெளி 7 நாள்தான். பாதி ஜோடிகளுக்கு அதைவிடக் குறைவாகவே இருக்கும். மாதவிடாய் ஐந்து நாள் நீடித்தால் சில நாள்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுவது சாதாரணம். இன்னொன்று, ஒருவருக்கு 28 நாள், தோழிக்கு 30 நாள் என்றால், மாதத்துக்கு இரண்டு நாள் வீதம் தேதிகள் நெருங்கி வரும், ஒருமுறை ஒன்றாகும், பிறகு விலகிப் போகும். நெருங்கி வந்த மாதங்கள் மனத்தில் பதிகின்றன, விலகிப்போன மாதங்களை யாரும் எண்ணுவதில்லை.

ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் டோகோன் மக்களிடையே பெவர்லி ஸ்ட்ராஸ்மன் சுமார் இரண்டு ஆண்டுகள் கணக்கெடுத்தார். கருத்தடை மாத்திரை இல்லாத, பெண்கள் நெருங்கி வாழும் சமூகம் அது. மாதவிடாய் நாள்களில் பெண்கள் தனிக் குடிசையில் தங்கும் வழக்கம் அங்கே இருந்ததால் தேதிகள் துல்லியமாகக் கிடைத்தன. ஒத்திசைவு தென்படவில்லை. சீனாவில் விடுதிகளில் தங்கிய 186 பெண்களை ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியான ஆய்விலும் தென்படவில்லை. முதல் கட்டுரையின் கணக்கிடும் முறையிலேயே பிழை இருந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் 1971ஆம் ஆண்டுக் கட்டுரைதான் பத்திரிகைகளில் வலம்வருகிறது.

ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு பொருள்கள் கண்டுபிடிக்கப்பட்டதாகப் படித்தேனே?

என் வருத்தம் தொடங்குவது இங்கேதான். ஆண்ட்ரோஸ்டாடையினோன், எஸ்ட்ராடெட்ராயினால் என்ற அந்த இரண்டு ஸ்டீராய்டுகள் எப்படிப் புகழ்பெற்றன என்று பாருங்கள்.

1991இல் பாரிஸில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அதற்குப் பணஉதவி செய்தது 'எராக்ஸ்' என்ற அமெரிக்க நிறுவனம். மனித ஃபெரோமோன்களைக் கொண்டு நறுமணப் பொருள் விற்பது அதன் திட்டம். அங்கே வாசிக்கப்பட்ட ஒரு கட்டுரை, இந்த இரண்டு பொருள்களும் மனிதரின் ஜேக்கப்சன் உறுப்பைத் தூண்டுவதாகக் கூறியது. பொருள்களை வழங்கியதும் அந்த நிறுவனமே. அவற்றை எந்த உடல் சுரப்பிலிருந்து எடுத்தார்கள், நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்க இந்த இரண்டை மட்டும் ஏன் தேர்ந்தெடுத்தார்கள், அவை மனிதரிடம் என்ன நடத்தையை உண்டாக்கின என்பதற்குக் கட்டுரையில் விவரம் இல்லை. புட்டனாண்ட் இருபது ஆண்டு பட்ட பாடு இங்கே ஒரு வரியாகக்கூட இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. உலகெங்கும் உள்ள நேர்மையான ஆய்வாளர்கள் "ஃபெரோமோன் எனக் கருதப்படும்" என்ற அடைமொழியோடு இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு சோதனைமேல் சோதனை செய்தார்கள். ஒருவர் செய்ததை மற்றவர் மேற்கோள் காட்ட, அடைமொழி மெல்ல உதிர்ந்தது. டிரிஸ்ட்ரம் வயட் 2015இல் எழுதிய விரிவான கட்டுரை இந்தக் காலத்தை இழந்துபோன பத்தாண்டுகள் என்றே அழைத்தது. உடலில் இயற்கையாக இருப்பதைவிடப் பல மடங்கு செறிவில் முகரச் செய்தது, மிகக் குறைந்த பேரை வைத்துச் சோதித்தது, விளைவு வந்த ஆய்வுகள் அச்சேறி வராதவை இழுப்பறையில் தங்கியது என்று குறைகளின் பட்டியல் நீளமானது.

2017இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பங்கேற்பாளருக்கும் சோதனை நடத்துபவருக்கும் எது எந்த நாளில் தரப்படுகிறது என்று தெரியாத வகையில் சோதித்தார்கள். ஒருநாள் ஸ்டீராய்டு, இன்னொரு நாள் வெறும் பொருள். எதிர்பாலினரின் முகங்கள் எவ்வளவு கவர்ச்சியாகத் தெரிகின்றன என்று கேட்டார்கள். ஆணா பெண்ணா என்று சட்டெனச் சொல்லமுடியாத முகங்களைக் காட்டி எதுவெனத் தோன்றுகிறது என்றும் கேட்டார்கள். இரண்டு நாள்களுக்கும் வேறுபாடே இல்லை.

மூளை ஸ்கேனில் மாற்றம் தெரிந்ததாமே?

ஸ்டாக்ஹோமில் இவான்கா சாவிச் குழுவினர் 2001இல் காட்டினார்கள். இதே இரண்டு பொருள்களை முகர்ந்தபோது ஆண், பெண் மூளைகளில் ஹைப்போதலாமஸ் வெவ்வேறு விதமாகச் செயல்பட்டது என்றார்கள். ஒரு பொருள் மூளையில் ஏதோ ஒரு பகுதியைத் தூண்டுவது அதை ஃபெரோமோன் ஆக்கிவிடாது. மல்லிகையும் காபியும்கூட மூளையைத் தூண்டும்.

வியர்வைச் சட்டையை முகர்ந்து பொருத்தமான துணையைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கிளாஸ் வெடகிண்ட் 1995இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பேச்சுக்கு மூலம். 44 ஆண்கள் இரண்டு இரவுகள் அணிந்த பனியன்களை 49 பெண்கள் முகர்ந்து மதிப்பிட்டார்கள். நோயெதிர்ப்பு தொடர்பான மரபணுக்கள் தங்களுடையதிலிருந்து வேறுபட்ட ஆண்களின் மணத்தைப் பெண்கள் அதிகம் விரும்பினார்கள். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் இது தலைகீழானது. அழகான ஆய்வுதான். ஆனால் பிற்கால ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது விளைவு தேய்ந்துவிடுகிறது. உண்மையாகவே இருந்தாலும், ஆளுக்கு ஆள் மாறும் விருப்பம் இது. முன்பு சொன்ன கையொப்ப வகையைச் சேர்ந்தது.

பயந்தவரின் வியர்வை, அழுபவரின் கண்ணீர் இவற்றிலெல்லாம் செய்தி இருக்கிறதா?

இருக்கலாம் என்பதற்குக் கவனிக்கத்தக்க சான்றுகள் வந்துகொண்டிருக்கின்றன. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் நோம் சோபெல் குழுவினர் 2011இல், பெண்கள் சோகத்தில் சிந்திய கண்ணீரை ஆண்களை முகரச் செய்தார்கள். அந்தக் கண்ணீருக்கு உணரத்தக்க மணமே இல்லை. ஆனாலும் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைந்தது. நெதர்லாந்தில் ஒரு பகுதியை மீண்டும் செய்துபார்த்தவர்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. 2023இல் சோபெல் குழுவினர் வேறு வகையில் சோதித்து, கண்ணீரை முகர்ந்த ஆண்கள் ஒரு கணினி விளையாட்டில் பழிவாங்கும் போக்கு சுமார் 44 சதவீதம் குறைந்ததாக எழுதினார்கள். அதே குழு 2015இல் மறைத்துவைத்த கேமராவில் பார்த்த ஒன்றும் உண்டு. புதியவரோடு கைகுலுக்கிய பிறகு மனிதர்கள் தம்மையறியாமல் கையை மூக்கருகே கொண்டுபோகிறார்கள்! இன்று ஒருநாள் உங்களைச் சுற்றி இருப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள்.

தேர்வுக்குப் பயந்த மாணவர்களின் வியர்வை, முதன்முறை விமானத்திலிருந்து குதித்தவர்களின் வியர்வை போன்றவற்றை முகர்ந்தவர்களிடமும் சிறு மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன. இவற்றை ஃபெரோமோன் என்று சொல்ல, காரணமான மூலக்கூறு இன்னதென்று கண்டுபிடித்து, அதைச் செயற்கையாகத் தயாரித்து, இயற்கையான அளவில் கொடுத்து, அதே விளைவு மீண்டும் மீண்டும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் படி இன்னும் ஏறப்படவில்லை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டோட்டி, பாலூட்டிகளுக்கே இந்தக் கருத்து பொருந்தாது என்று வாதிடுகிறார். முயல் ஆய்வைப் படித்தபின் என்னால் அவரோடு உடன்பட முடியவில்லை.

அக்குள் மணம் பருவமடைந்த பிறகுதானே வருகிறது? அதற்கு ஏதாவது காரணம் இருக்க வேண்டுமே?

நியாயமான சந்தேகம். ஆய்வாளர்கள் அக்குளை விடாமல் பிடித்துக்கொண்டதற்கும் இதுவே காரணம். அங்குள்ள சிறப்பு வியர்வைச் சுரப்பிகள் பருவமடையும்போது விழித்துக்கொள்கின்றன. அவை சுரக்கும் நீருக்குத் தனியே பெரிய மணமில்லை. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போது மணம் பிறக்கிறது.

ஆனால் காதுக் குறும்பியைப் பற்றிய ஒரு செய்தி இந்த வாதத்தை அசைக்கிறது. சிலருக்குக் குறும்பி பிசுபிசுப்பாக இருக்கும், சிலருக்கு உலர்ந்து பொருக்காக உதிரும். ஏபிசிசி11 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுவதுதான் காரணம் என்று 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். உலர்ந்த குறும்பி உள்ளவர்களுக்கு அக்குள் மணமும் மிகக் குறைவு. கொரியா, சீனா, ஜப்பான் மக்களில் மிகப் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்கள். கோடிக்கணக்கான மக்கள் அக்குள் மணமே இல்லாமல் காதலித்துக் குடும்பம் நடத்துகிறார்கள் என்றால், அந்த மணம் மனித இனத்துக்கே இன்றியமையாத செய்தி என்று எப்படிச் சொல்வது?

பெண்களின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற பாண்டியன் ஐயத்துக்கு இன்றைய அறிவியல் என்ன சொல்லும்?

தலைத்தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம். அந்த எண்ணெயையும் அதில் வாழும் நுண்ணுயிர்களையும் பொறுத்து ஒவ்வொருவர் தலைக்கும் ஒரு மணம் உண்டு, ஆண்களுக்கும்தான். பூவும் எண்ணெயும் சூட்டும் மணத்தைத் தவிர கூந்தலுக்கு இயற்கை மணம் கிடையாது என்று நக்கீரர் சொன்னது அந்த வகையில் சரியன்று. பாண்டியன் கேட்டது மணம் உண்டா என்று மட்டும். ஃபெரோமோன் என்று சொல்ல அது போதாது.

இணையத்தில் விற்கும் ஃபெரோமோன் ஸ்ப்ரேயை வாங்கலாமா?

வேண்டாம். மனித ஃபெரோமோனே அடையாளம் காணப்படாதபோது அந்தப் புட்டியில் இருப்பது அதுவாக இருக்க வழியில்லை. பெரும்பாலும் மேலே சொன்ன ஸ்டீராய்டுகளோ பன்றியின் ஆண்ட்ரோஸ்டினோனோதான் அதில் இருக்கும். அந்த ஆண்ட்ரோஸ்டினோன் மனிதர்களில் சிலருக்குச் சிறுநீர் நாற்றமாகவும், சிலருக்கு வெனிலா போன்ற இனிய மணமாகவும் தெரிகிறது, சிலருக்குத் தெரிவதே இல்லை. ஓஆர்7டி4 என்ற ஒரே ஏற்பி மரபணுவின் வேறுபாடு இதற்குப் பெரும் காரணம் என்று 2007இல் கண்டறிந்தார்கள். தன்னம்பிக்கை குறைந்த இளைஞர்களைக் குறிவைத்தே இந்த விளம்பரங்கள் வருகின்றன. என்னிடம் தயங்கி நின்று கேட்கும் மாணவர்களில் சிலர் இதற்காகவே பணம் சேர்த்துவைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தபோது மிகவும் கஷ்டமாக இருந்தது.

உண்மையான மனித ஃபெரோமோன் கிடைக்க வாய்ப்பு எங்கே அதிகம்?

பிறந்த குழந்தையிடம். வளர்ந்தவரின் விருப்பு வெறுப்பில் பண்பாடு, நினைவு, சோப்பு, அத்தர் எல்லாம் கலந்துவிட்டன. முகம் சுளிப்பதா புன்னகைப்பதா என்பதைக்கூட நாம் கற்றுக்கொண்டே செய்கிறோம். மூன்று நாள் குழந்தையிடம் அந்தக் கலப்படம் மிகக் குறைவு. செய்யும் செயலும் தெளிவானது. தலையைத் திருப்புகிறது, வாயைத் திறக்கிறது, நாக்கை நீட்டுகிறது. புட்டனாண்டின் ஆண் பட்டுப்பூச்சி சிறகடித்ததைப் போல, கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய நடத்தை.

பாலூட்டும் தாயின் காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தில் சிறு மேடுகள் தெரியும். 19ஆம் நூற்றாண்டு அயர்லாந்து மகப்பேறு மருத்துவர் மான்ட்கோமரியின் பெயரால் அவற்றை மான்ட்கோமரி சுரப்பிகள் என்கிறோம். முயல் ஆய்வு செய்த அதே பெனுவா ஷால், டூசே முதலானோருடன் சேர்ந்து 2009இல் இந்தச் சுரப்பு நீரைப் பிறந்து மூன்று நாளான குழந்தைகளின் மூக்கருகே காட்டினார். தாய்ப்பால், பசும்பால், பவுடர் பால், வெனிலா ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சுரப்பு நீருக்குத்தான் குழந்தைகள் வாயசைத்துத் தேடுவது அதிகமாக இருந்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த நீர் குழந்தையின் சொந்தத் தாயினுடையதாக இருக்கவில்லை, முன்பின் அறியாத வேறொரு தாயினுடையது. புட்டிப்பால் குடித்துவந்த குழந்தைகளும் அப்படியே செய்தார்கள். கையொப்பமாக இருந்தால் இது நடக்காது. பொது எழுத்துக்கு மனிதரிடம் கிடைத்திருக்கும் மிக நெருக்கமான சான்று இது என்று நான் கருதுகிறேன்.

அந்த நீரில் உள்ள எந்த மூலக்கூறு காரணம் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் தனியே கொடுத்துப் பார்க்கும் வேலை பாக்கி இருக்கிறது. அது கிடைத்தால் பால் குடிக்கத் திணறும் குறைமாதக் குழந்தைகளுக்கும் உதவக்கூடும். கவர்ச்சித் தைலத்துக்காகச் செலவான ஆண்டுகளில் ஒரு பகுதியாவது இதற்குக் கிடைத்திருக்கலாம்.

பிரசவம் ஆனவுடன் மார்பைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பால் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரியா?

தேவையில்லை. ஹெய்லி வரெண்டியும் ரிச்சர்ட் போர்ட்டரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவம் முடிந்ததும் தாய்மார்களின் ஒரு மார்பை மட்டும் கழுவிவிட்டு, குழந்தையை இரண்டுக்கும் நடுவே கிடத்தினார்கள். 30 குழந்தைகளில் 22 பேர் கழுவாத மார்பையே தேடிப் போனார்கள். சோப்பு காம்பின் தோலையும் உலர வைத்து வெடிக்கச் செய்யும். அன்றாடக் குளியலில் வெறும் தண்ணீர் போதும். பிறந்த குழந்தையைத் தாயின் தோலோடு தோலாகக் கிடத்தி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அறுவை சிகிச்சையோ வேறு சிக்கலோ இருந்தால் உங்கள் மருத்துவரிடமும் செவிலியரிடமும் கேட்டு, முடிந்த மிக விரைவில் குழந்தையை மார்பருகே கொண்டுவரச் சொல்லுங்கள்.